சாரலைத் தாங்கும் காமிரா எது?

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்துக்குச் சுற்றுலா போகிறீர்கள். பிலிம் காமிரா ஒன்றைக் கொண்டுபோக ஆசை. எந்தக் காமிராவை எடுத்துச் செல்வது?

'செல்போன் காலத்தில் பிலிம் காமிராவா?' என்று சிரிக்காதீர்கள். பிலிமில் படம் எடுக்கும் ஆசை இளைஞர்களிடம் மீண்டும் துளிர்த்திருக்கிறது. 2024-ஆம் ஆண்டில் பெண்டாக்ஸ் என்ற பெயரில் புதிய பிலிம் காமிரா ஒன்றே விற்பனைக்கு வந்தது. ஆனால் ஒன்று. ஒரு ரோலில் 36 படங்கள்தான். உதகமண்டலத்தில் 1967-இல் பிலிம் தயாரிக்கத் தொடங்கிய நம் அரசு ஆலை மூடப்பட்டுவிட்டது. ஆகவே வெளிநாட்டு பிலிமை விலை கொடுத்து வாங்கவேண்டும். அருவிக்கு முன்னால் காமிரா மக்கர் செய்தால் பணமும் போகும், படமும் போகும்.

'உறுதியான காமிரா' என்றதும் கனமான இரும்புப் பெட்டி ஒன்றை நாம் நினைத்துக்கொள்கிறோம். அது சரியல்ல என்பதே என் கருத்து. எதைத் தாங்கவேண்டும் என்று முதலில் கேட்கவேண்டும்.

தென்காசியிலிருந்து குற்றாலம் சுமார் 5 கிலோமீட்டர்தான். ஆனால் காமிராவுக்கு அவை இரண்டு வெவ்வேறு உலகங்கள். தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் பாய்கிறது. மலையடிவாரத்தில் மிச்சமிருக்கும் ஈரம் சாரலாக விழுகிறது. கிழக்கே செல்லச் செல்ல அதே காற்று உலர்ந்து, சமவெளியில் காற்றாலைகளைச் சுழற்றிப் புழுதியையும் கிளப்புகிறது. காலையில் புழுதி, பத்தே நிமிடத்தில் சாரல். இதைத்தான் காமிரா தாங்கவேண்டும்.

இதில் பெரிய பகைவன் எது? மேலே விழும் நீர்த்துளி அல்ல, அதைத் துடைத்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே நுழையும் ஈரக்காற்றுதான். பிலிமின் மேல் உள்ள ஒளியுணர் பூச்சு ஜெலட்டினால் ஆனது. ஈரம் பட்டால் அது உப்பும், ஒட்டிக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் பல நாள் நீடித்தால் லென்சுக்குள் பூஞ்சை முளைக்கும். சிலந்தி வலைபோலப் படர்ந்து, தான் சுரக்கும் அமிலத்தால் கண்ணாடியையே அரித்துவிடும். காமிராவில் மின்சுற்று இருந்தால் அதன் செம்புத் தடங்களும் இணைப்புகளும் பச்சை பூத்துப்போகும்.

ஆகவே என் முதல் விதி: பாட்டரி இல்லாமலும் வேலை செய்யும் காமிராவைத் தேர்ந்தெடுங்கள். இயந்திர ஷட்டர் சுருள்வில்லின் விசையால் இயங்குவது. மின்சாரம் அதற்குத் தேவையில்லை. பெண்டாக்ஸ் கே 1000 (1976), நிக்கான் எஃப்.எம். 2 (1982) ஆகியவை இந்த இனம். இவற்றில் பாட்டரி ஒளிமானிக்கு மட்டுமே. பாட்டரி தீர்ந்தாலும் படம் எடுக்கலாம்.

1953 மே 29 அன்று எவரெஸ்ட் உச்சியில் டென்சிங்கைப் படம் பிடித்தார் ஹிலாரி. அவர் கையிலிருந்தது 1930-களில் செய்யப்பட்ட கோடக் ரெட்டினா. மடக்கிவைக்கும் சிறிய காமிரா, பாட்டரியே கிடையாது. குளிரில் அது விறைத்துவிடாமல் சட்டைக்குள் வைத்து எடுத்துச் சென்றார். காமிராவின் எளிமையும் அதை வைத்திருந்தவரின் கவனமும் சேர்ந்துதான் அந்தப் படத்தை நமக்குத் தந்தன.

'தண்ணீர் புகாத காமிராவே இருக்கிறதே!' என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. 1963-இல் வந்த நிக்கோனாஸ், கடலுக்கடியில் 50 மீட்டர் ஆழம்வரை படம் எடுக்கக்கூடியது. ஆனால் நிக்கோனாஸ் வரிசையின் உற்பத்தி 2001-இல் நின்றுவிட்டது. தண்ணீரைத் தடுப்பவை அதன் ரப்பர் வளையங்கள். ரப்பருக்கும் வயதாகும், இறுகி வெடிக்கும். பழைய வளையத்தை நம்பி அருவியில் இறங்குவது ஓட்டைப் படகில் ஏறுவதற்குச் சமம்.

'அப்படியானால் தாத்தாவின் அக்ஃபா கிளிக் போன்ற எளிய பெட்டிக் காமிரா போதுமே?' என்றும் கேட்கலாம். பழுதாவதற்கு அதில் அதிகமாக எதுவும் இல்லை என்பது உண்மை. ஆனால் அதன் ஷட்டர் வேகத்தை மாற்ற முடியாது. விழும் நீரை உறையவைக்க 1/500 விநாடி வேண்டும். வெண்பட்டுபோல வழியவிட 1/15 விநாடி வேண்டும். உழைத்தால் மட்டும் போதாது, வேலைக்கும் பொருந்தவேண்டும் அல்லவா?

ஒளிமானி இல்லாவிட்டால் என்ன செய்வது? ஓர் எளிய கணக்கு இருக்கிறது. பிலிமின் வேக எண் 400 என்றால் ஷட்டரை அதற்கு மிக அருகில் உள்ள 1/500-இல் வையுங்கள். நல்ல வெயிலில் லென்சின் துளை எண் 16. மெல்லிய மேகம் என்றால் 11. வானம் மூடியிருந்தால் 8. குற்றாலத்துக் கருமேகம் என்றால் 5.6. எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். ஒவ்வொரு படியிலும் ஒளி இரண்டு மடங்காகும். இதை மனத்தில் வைத்திருப்பவருக்குப் பாட்டரி தீர்ந்த கவலை இல்லை.

நான் சொன்ன இயந்திரக் காமிராக்கள் நீர் புகாதவை அல்ல என்பதும் நினைவிருக்கட்டும். பாதுகாப்பு உங்கள் கையில். ஒரு பிளாஸ்டிக் பையில் லென்சுக்கு மட்டும் துளையிட்டு, ரப்பர் பாண்டால் இறுக்குங்கள். குளிரூட்டிய பேருந்திலிருந்து இறங்கியதும் காமிராவை வெளியே எடுக்காதீர்கள். குளிர்ந்த லென்சின் மீது ஈரக்காற்று பனிபோலப் படியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வைத்திருந்து பிறகு திறவுங்கள். ஊர் திரும்பியதும் பிலிமை உடனே கழுவக் கொடுங்கள். காமிராவைத் தோலுறையில் பூட்டி வைக்காமல், சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வையுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சையை வளர்க்கும்.

இன்னொன்று. 2024 மே மாதத்தில் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் ஒரு பள்ளி மாணவனைப் பலிகொண்டது. மலைமேல் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. அருவியைத் தள்ளி நின்றே எடுங்கள். எவ்வளவு உறுதியான காமிராவும் அதைப் பிடித்திருப்பவரைக் காப்பாற்றாது.

புதிதாக வாங்குமுன் வீட்டு பீரோவைத் திறந்து பாருங்கள். பழைய காமிரா ஏதாவது இருந்தால் பிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்து, ஒவ்வொரு வேகத்திலும் ஷட்டரை அழுத்துங்கள். ஒரு விநாடிக்கும் 1/500 விநாடிக்கும் வேறுபாடு காதுக்கே கேட்கும். லென்சின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். வலைபோன்ற இழைகள் தெரியாவிட்டால் உங்கள் காமிரா கிடைத்துவிட்டது. ஒரு ரோல் போட்டு உள்ளூரிலேயே சோதித்துவிட்டு, பிறகு சாரலுக்குப் புறப்படுங்கள்.