நிவாரணப் பொட்டலமும் மதமாற்றக் குற்றச்சாட்டும்: ஆசை காட்டுவது யார்?

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தை உலுக்கிய நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 9,000 பேர் மாண்டனர். பதினேழு நாள்களில் வந்த இரண்டாவது பெரும் அதிர்வு தோலக்கா மாவட்டத்தை நொறுக்கியது. ஓராண்டுக்குப் பின், அம்மாவட்டத்தின் சரிகோட் நகரில், அதிர்ச்சியிலிருந்து மீளாத பள்ளிக் குழந்தைகளுக்கு மனநல ஆற்றுப்படுத்தல் நடத்திய கிறித்தவர்கள் எட்டுப் பேர் கைது செய்யப்பட்டனர். இயேசுவின் கதையைச் சொல்லும் படக்கதை நூலைக் குழந்தைகளுக்குக் கொடுத்து மதமாற்றம் செய்ய முயன்றார்கள் என்பது குற்றச்சாட்டு. 2016 டிசம்பரில் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. ஆயினும் மதமாற்றத்தைத் தண்டிக்கும் பிரிவு நேபாளத்தின் புதிய குற்றவியல் சட்டத்தில் இடம்பெற்று, 2018 முதல் நடைமுறைக்கு வந்தது.

பேரிடரில் கை நீட்டுபவர் நிவாரணம் தருகிறாரா, ஆசை காட்டுகிறாரா? இந்தக் கேள்வி ஓசூர்க்காரர்களுக்குத் தொலைதூரத்துச் செய்தியன்று. ஓசூரிலிருந்து சில கிலோமீட்டர் சென்று அத்திப்பள்ளியைத் தாண்டினால் சட்டமே மாறுகிறது. கர்நாடகத்தின் 2022ஆம் ஆண்டு மதச் சுதந்திரப் பாதுகாப்புச் சட்டம், பரிசு, பணம், வேலைவாய்ப்பு, மத அமைப்பு நடத்தும் பள்ளியில் இலவசக் கல்வி ஆகியவற்றை வழங்க முன்வருவதையும் 'ஆசை காட்டுதல்' என்று வரையறுத்தது. 2023 ஜூனில் அம்மாநில அமைச்சரவை அதனைத் திரும்பப் பெற முடிவெடுத்தது. ஆனால் அச்சட்டத்தின் சிந்தனை எந்த எல்லையிலும் நின்றுவிடுவதில்லை. தமிழ்நாடே 2002இல் அத்தகைய சட்டத்தை இயற்றி, 2004இல் கைவிட்ட மாநிலம்தான்.

தண்டனை அட்டவணையில் தலித்துகள்

இச்சட்டங்களின் தண்டனைப் பிரிவுகளைச் சட்ட மாணவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். தமிழ்நாட்டுச் சட்டத்தில் பொதுவான தண்டனை மூன்றாண்டு வரை. மாற்றப்பட்டவர் சிறாராகவோ, பெண்ணாகவோ, பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவராகவோ இருந்தால் நான்காண்டு வரை. கர்நாடகச் சட்டத்தில் இவ்வகையினருக்கான தண்டனை பத்தாண்டு வரை நீண்டது. பாதுகாப்பு என்ற பெயரில் சட்டம் சொல்வது இதுதான்: வயதுவந்த ஒரு தலித், குழந்தையைப் போலத் தன் மனத்தைத் தானே அறியாதவர்; ஒரு போர்வைக்கும் ஒரு படி அரிசிக்கும் தன் கடவுளை விற்றுவிடுபவர். இழிவின் அந்த மொழியை நாம் ஏற்க முடியாது.

வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. 1876-78 பெரும் பஞ்சத்தில், கிருஷ்ணகிரியையும் ஓசூரையும் உள்ளடக்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டம் மிகக் கொடிய அழிவைச் சந்தித்தது. 1871இல் 19 லட்சத்துக்கும் மேலிருந்த அதன் மக்கள்தொகை, 1881 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 16 லட்சமாகச் சுருங்கியது. அதே பஞ்சத்தில் ஆந்திரத்தின் ஓங்கோலில், அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளவ், பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டும் ஒப்பந்தத்தை எடுத்துப் பட்டினி கிடந்தோருக்குக் கூலி வேலை கொடுத்தார். வந்தோரில் பெரும்பாலோர் மாதிகர்கள். நம் மாவட்டத்தில் தெலுங்கும் கன்னடமும் பேசும் அருந்ததியரின் உறவுச் சமூகம். சோற்றுக்காக மதம் மாறினார்கள் என்ற பழி வரக்கூடாதென்று, நிவாரணப் பணி நடந்த மாதங்களில் கிளவ் ஞானஸ்நானம் கொடுப்பதையே நிறுத்தி வைத்தார். அது மீண்டும் தொடங்கியபோது, 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். அவர்களை இழுத்தது கூலி மட்டும் என்றால், அத்தனை மாதங்கள் அவர்கள் காத்திருந்ததற்கு விளக்கமில்லை. தம்மை மனிதராக நடத்தியவர் யார் என்பதைப் பசியிலும் அவர்கள் கவனித்திருந்தார்கள்.

இடிபாடுகளுக்குள்ளும் சாதி

2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்துக்குப் பின் மனித உரிமைக் கண்காணிப்பகம் பதிவு செய்தவை இன்றும் படிக்கத்தக்கவை. இழப்பீட்டுத் தொகையும் உணவும் எல்லாச் சமூகங்களுக்கும் சமமாகவே ஒதுக்கப்பட்டன. ஆனால் முகாம்கள் சாதிவாரியாகவும் மதவாரியாகவும் பிரிந்து நின்றன. தலித்துகளும் முஸ்லிம்களும் இருந்த முகாம்களுக்குத் தங்குமிடம், மின்சாரம், குடிநீர் ஆகியவை அதே அளவில் கிட்டவில்லை. பூமி எல்லோர் வீட்டையும் இடித்தது. நிவாரணம் மட்டும் ஊரையும் சேரியையும் மீண்டும் கட்டியது. இரண்டாண்டுகளில், 2003இல், அதே குஜராத் மதமாற்றத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. முகாமில் பாகுபாடு காட்டியவருக்கு எதிராக அத்தகைய விரைவு காட்டப்படவில்லை.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்திலும் இதையே கண்டோம். கரையோரத்தில் கூலி வேலை செய்த தலித்துகளுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. ஆகவே 'பாதிக்கப்பட்டோர்' பட்டியலில் பலருக்கு இடமும் இல்லை. அழுகிய உடல்களை அகற்ற மட்டும் வெளியூர்களிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் அழைத்து வரப்பட்டனர்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் போது ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. பேருந்து நிலையத்தருகே நின்ற வாகனங்கள் வெள்ளத்தில் உருண்ட காட்சியை நாடே பார்த்தது. தாழ்ந்த நிலத்திலும் ஏரிப் புறம்போக்கிலும் வாழ்பவரின் இழப்பு அவ்வாறு காட்சியாவதில்லை. பட்டா இல்லாத குடிசையும், சிப்காட் ஒப்பந்தத் தொழிலாளியின் வாடகை அறையும் சேதக் கணக்கில் ஏறுவது எளிதன்று. அரசின் கணக்கு முடியும் இடத்தில்தான் சபையின் வண்டி வந்து நிற்கிறது. அதைக் குற்றம் சாட்டுபவர், அந்த இடம் ஏன் வெறுமையாக இருந்தது என்று முதலில் கேட்க வேண்டும்.

மிகப் பெரிய 'ஆசை காட்டுதல்'

சென்னையில் சாலையோரம் செருப்பு தைத்த சூசை என்பவரின் வழக்கு இங்கே நினைவுகூரத்தக்கது. சாலையோரத் தொழிலாளருக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை, அவர் கிறித்தவ ஆதி திராவிடர் என்பதால் மறுக்கப்பட்டது. அதே வெயில், அதே தொழில், அதே சாதி. 1985இல் உச்ச நீதிமன்றம், மதம் மாறிய பின்னும் அதே கொடுமை அதே ஆழத்தில் தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்று கூறி மனுவைத் தள்ளுபடி செய்தது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையின் 3ஆம் பத்தி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினரை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்கிறது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அதை நீக்கப் பரிந்துரைத்தது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம் அமைக்கப்பட்டுக் காலநீட்டிப்பும் பெற்றது. பத்தி மட்டும் நிற்கிறது.

இந்த மதத்தில் இருந்தால் கல்வி உதவித்தொகை, வேலை, தனித்தொகுதி. அந்த மதத்துக்குப் போனால் பட்டியல் சாதிக்குரிய சலுகைகள் இல்லை. பொருட்பயனைக் காட்டி ஒருவரின் மதத்தைத் தீர்மானிப்பது 'ஆசை காட்டுதல்' என்றால், இந்நாட்டில் அதை மிகப் பெரிய அளவில் செய்வது எந்தச் சபையும் அன்று, அரசாணைதான்.

இதைச் சொல்வதால் மிஷன்களுக்கு நற்சான்றிதழ் வழங்கிவிட முடியாது. செபத்தில் கலந்துகொண்டால்தான் பொட்டலம் என்பது, பசியின் மீது நடத்தும் பேரம். நிவாரணத்தை மதநிலைப்பாட்டைப் பரப்பப் பயன்படுத்தக் கூடாது என்று, செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் வகுத்த நடத்தை விதியே கூறுகிறது. மேலும், திருச்சபைக்குள்ளேயே சாதி குடியிருக்கிறது. 2008இல் எறையூர்க் கலவரத்தைப் பார்த்தோம். தலித்துகள் மீதான பாகுபாட்டை இந்திய ஆயர் பேரவையே 2016இல் தன் கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. நிவாரணக் குழுவில் தலித் கிறித்தவர் மூட்டை தூக்குபவராக மட்டும் இருந்தால், அந்தச் சேவையும் ஊர் வழக்கத்தின் நீட்சியே.

இதற்கிடையே வாசல்கள் அடைக்கப்படுகின்றன. 2020இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நிதிப் பங்களிப்புச் சட்டம், ஓர் அமைப்பு பெற்ற நிதியை மற்றோர் அமைப்புக்கு மாற்றித் தருவதைத் தடை செய்தது. பெரிய நிறுவனங்களின் வழியே பேரிடர்க்கால நிதி பெற்றுவந்த, சேரியில் வேர்கொண்ட சிறு அமைப்புகளே இதில் முதலில் அடிபட்டன. பிரிவினைக் கால அகதிகளுக்கு உதவுவதில் தொடங்கிய காசா உள்ளிட்ட பல அமைப்புகளின் பதிவும் 2024இல் ரத்தானது.

எனவே நம் கோரிக்கை கருணையை நம்பி நிற்கலாகாது. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005இன் 61ஆம் பிரிவு, நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு கூடாதென்று தெளிவாகச் சொல்கிறது. மதம் மாறிய தலித்துக்கும் இப்பிரிவு பொருந்தும். சாதிச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் வழக்காட ஆவணம் வேண்டும். அடுத்த மழைக்கு முன்பே ஊத்தங்கரை, பர்கூர், சூளகிரி, தளிப் பகுதிச் சேரிகளில் வீடு வீடாகக் கணக்கெடுக்க வேண்டும்: பட்டா உண்டா, குடும்ப அட்டை எந்த முகவரியில், வீடு எந்த நீர்நிலைக்கு அருகில் என்று. கல்லூரி மாணவர்களால் இரண்டு ஞாயிறுகளில் முடிக்கக்கூடிய வேலை இது. அந்தப் பட்டியலைக் கிராம சபையில் பதிவு செய்து, மாவட்ட ஆட்சியரிடம் மனுவாகக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துவோம். வெள்ளம் வடிந்தபின் நம்மிடம் இருக்கப் போகும் ஆதாரம் அதுவே.