கத்தி படாமற் கட்டியை அறிதல்

மூளையிற் கட்டியொன்று உண்டெனக் கேட்ட வீட்டார், "எவ்வகைக் கட்டி?" என்றே வைத்தியரை வினவுவர். சிகிச்சை அவ்விடையைப் பொறுத்தது. மண்டையோட்டைத் துளைத்துச் சிறு துண்டெடுத்துச் சோதிப்பதே நெடுநாள் வழக்கம். அதில் ஆபத்தும் உண்டு.

துளையாமலே அறிய உதவுவது காந்தப் பரிவு நிறமாலை முறை. காந்தப் பரிவுப் படம் கட்டியின் உருவத்தைக் காட்டும். இம்முறையோ அதன் இரசாயனத்தைக் காட்டும். நரம்புக் கலங்களுக்குரிய அசற்றைல் அஸ்பாற்றேற்று கட்டியிற் குறையும். கலமென்சவ்வோடு தொடர்புடைய கோலீன் மிகும். கலங்கள் மடிந்தவிடத்துக் கொழுப்பின் குறி எழும். இவ்வேறுபாடுகளைக் கணினிக்குப் பயிற்றி, கட்டிகளை அதுவே வகைப்படுத்துமாறு செய்தனர் விஞ்ஞானிகள். 2000 முதல் 2002 வரை ஐரோப்பாவில் நடைபெற்ற 'இன்ரர்பிறெற்' ஆய்வு இத்துறையிற் பெயர்பெற்றது.

மூளையிலேயே தோன்றும் கொடிய கிளையோபிளாஸ்தோமாவையும், பிறவுறுப்பிலிருந்து பரவிய புற்றையும் அவ்வாய்வின் கணினி ஒரே வகுப்பில் வைத்தது. இரண்டின் நிறமாலையும் பெரிதும் ஒத்திருப்பதே காரணம். ஐயம் நேருமிடத்து, துண்டைச் சோதிப்போர் முடிவே இன்றும் தீர்ப்பாகும்.

தெரியாததைத் தெரியாதெனக் கூறுக என்று வகுப்பில் நாம் மாணவர்க்குச் சொல்வதுண்டு. அக்கணினியை அமைத்தோர் அதனையே செய்தனர். ஓர் உயிர் காத்திருக்குமிடத்தில், அவ்வடக்கமும் அறிவேயன்றோ?