பாட்டுக்கு 124-ஏ

பாடகர் கோவனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது, இனி விவகாரம் ஆறிவிடும் என்று 2015-ல் கோட்டையில் இருந்தவர்கள் நினைத்திருக்கக்கூடும். ஆறவில்லை. 124-ஏ பிரிவின்கீழ் போட்ட தேசத்துரோக வழக்கு அப்படியேதான் நின்றது. அரசு மதுக்கடையான டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடிய மக்கள் கலை இலக்கியக் கழகப் பாடகரை அந்த ஆண்டு அக்டோபர் 30-ம் தேதி விடியும் முன் திருச்சி வீட்டிலிருந்து சென்னைப் போலீஸார் பிடித்துவந்தார்கள். அதற்கு ஒருவரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. போதாக்குறைக்கு, அவரைக் காவலில் எடுத்து விசாரிக்கவும் துடித்தார்கள். ஒரு பாட்டில் விசாரிக்க என்ன இருக்கிறது? ராகமா, தாளமா?

124-ஏ என்னவென்று தெரியாமல் போட்டிருக்க மாட்டார்கள். 1870-ல் வெள்ளைக்காரன் சேர்த்த பிரிவு. திலகரையும் காந்தியையும் சிறைக்கு அனுப்பியது. ஆயுள் தண்டனை வரை விதிக்க இடம் தந்தது. அரசை எவ்வளவு கடுமையாக விமர்சித்தாலும், வன்முறையைத் தூண்டாதவரை இது பொருந்தாது என்று கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962-லேயே சொல்லிவிட்டது. கோவன் பாட்டில் வன்முறை எங்கே இருக்கிறது? கடையை மூடு என்கிறார். அன்றைய முதல்வரைக் கிண்டல் செய்கிறார். கிண்டல் காரமாகத்தான் இருக்கிறது, நமக்கே சில வரிகள் உவப்பாக இல்லை. புண்பட்டிருந்தால் அவதூறு வழக்குப் போட்டிருக்கலாமே, அதில் அன்றைய அரசுக்கு நல்ல பழக்கம் இருந்தது.

தெருப்பாட்டின் வேலை எப்படி நடக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பேருந்து நிலைய ஓரத்தில் காகிதத்தைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சுவார்கள். அடி விழுந்ததும் கூட்டம் வட்டம் கட்டும். ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். இரண்டாம் சுற்றில், காய்கறிப் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நிற்கும் பெண்ணும் சேர்ந்துகொள்வாள். அவள் வீட்டுக் கதை அது. துண்டறிக்கை என்றால் படிக்காமலே மடித்து வைத்திருப்பாள்.

இந்த வித்தையை அரசும் அறியும். 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பாட்டையும் வீதி நாடகத்தையும் வைத்துத்தான் ஊர் ஊராகப் போனது. மாவட்ட நிர்வாகமே முன்னின்று நடத்தியது. பெண்கள் எழுத்துக் கற்றார்கள், சைக்கிள் கற்றார்கள். இன்றும் எய்ட்ஸ் என்றால் கரகம், டெங்கு என்றால் வில்லுப்பாட்டு என்று அரசுத் துறைகள் கலைஞர்களைத்தான் கூப்பிடுகின்றன. 1949-ல் 'நல்லதம்பி' படத்தில் கலைவாணர் மதுவிலக்குப் பிரசாரம் செய்தபோது மாநிலத்தில் சாராயக் கடை கிடையாது. ஆனால் 2003 முதல் சில்லறை விற்பனையையும் அரசே நடத்துகிறது. 2015-லேயே ஆண்டு வருமானம் 20,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. கோவன் மேல் எரிச்சல் எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா?

அன்றைய ஆட்சியாளர்களுக்கு இதெல்லாம் புதிதும் அல்ல. 2011-ல் பதவிக்கு வந்த கையோடு சமச்சீர்க் கல்வியில் கைவைத்தார்கள். உச்ச நீதிமன்றம் குட்டும்வரை பிள்ளைகள் புத்தகம் இல்லாமல் பள்ளிக்குப் போனார்கள். பிறகு வந்த புத்தகத்திலும் பிடிக்காத இடங்களில் காகிதம் ஒட்டினார்கள். அதே ஆண்டு அண்ணா நூற்றாண்டு நூலகத்தை ஆஸ்பத்திரியாக்கக் கிளம்பினார்கள். அதையும் நீதிமன்றம்தான் தடுத்தது. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அமைதிப் பேச்சுவார்த்தை என்று எழுத்தாளர் பெருமாள்முருகனை உட்காரவைத்து மன்னிப்புக் கையெழுத்து வாங்கினார்கள். அந்த ஆண்டு ஜூலை 31-ல் மதுக்கடையை அகற்றச் சொல்லி மார்த்தாண்டம் அருகே செல்பேசிக் கோபுரத்தில் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரோடு இறங்கவில்லை. அந்தச் சாவுக்குப் பிறகாவது மது பற்றி மக்களோடு பேசியிருக்க வேண்டும். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், தடியடி கிடைத்தது. அடுத்துப் பாடகர் வந்தார், 124-ஏ கிடைத்தது.

விடுதலைப் போராட்டக் காலத்தில் நாடக மேடையில் பாடியதற்காக விஸ்வநாததாஸைத் திரும்பத் திரும்பச் சிறையில் அடைத்தது வெள்ளை அரசு. அவர் பாட்டை நிறுத்தவில்லை. 1940-ல் மேடையிலேயே உயிர் பிரிந்தது. அந்த அரசிடமிருந்து தமிழக அரசு கற்றுக்கொள்ள வேறு பாடமே கிடைக்கவில்லையா?

பாடுகிறவர்களை அரசு எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு ஒரு நெறி தேவை. உள்துறை, கலைஞர்கள், சட்டம் தெரிந்தவர்கள் என யாராவது உட்கார்ந்து பேசட்டும். அதற்கு முன்பு, அன்றே செய்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. கைதுக்கு முன் கோவன் பெயரையே கேள்விப்படாதவர்கள்கூட அதற்குப் பிறகு அவர் பாட்டைச் செல்பேசியில் வைத்திருந்தார்கள். அத்தனை பேர் மீதும் வழக்குப் போட முடியாது. போட்ட ஒன்றை உடனே திரும்பப் பெற்றிருக்க வேண்டும்.