பலமும் நளினமும்

சூர்யா பொனாலி என்ற பெயரைக் கேட்டவுடன், ஃபிகர் ஸ்கேட்டிங் என்னும் பனித்தளச் சறுக்கு நடனத்தை ரசிப்பவர்களுக்கு, 1998-ஆம் ஆண்டு நகானோ ஒலிம்பிக்கில், விதி தடுத்திருந்தும் பின்புறமாக அந்தரத்தில் கரணமடித்து ஒற்றைக் காலில் வந்திறங்கிய அந்தக் கணம்தான் நினைவுக்கு வரும். என் மனமோ, அதற்குச் சுமார் பத்து வருஷங்களுக்கு முன், பிரான்ஸ் தேசத்தின் பட்டத்தை முதன்முதலாக வென்று உலக அரங்கை நோக்கிப் புறப்பட்ட இளம்பெண்ணையே நாடிச் செல்கிறது.

1973 டிசம்பரில் நீஸ் நகரில் பிறந்து, எட்டு மாதக் குழந்தையாயிருந்தபோதே ஜார்ஜ், சுசான் பொனாலி தம்பதியரால் ஸ்வீகாரம் செய்துகொள்ளப்பட்ட இக்கறுப்பினக் குழந்தை, தேகப்பயிற்சி ஆசிரியையான தாயின் கண்காணிப்பில் வளர்ந்த காரணத்தால், சறுக்குத் தகட்டுக்கு நிகராகக் கரணப் பந்தயத்தின் நீண்ட விரிப்பிலும் பழகி, டம்ப்ளிங் எனப்படும் அவ்வித்தையில் உலகப் போட்டிவரை சென்றிருந்தார். ஓடிவந்து, தரையை உதைத்து, உடலைப் பம்பரமாக்கி, மீண்டும் தரையில் ஊன்றி நிற்கும் ஆற்றல் அவருடைய தசைகளில் பால்யத்திலேயே படிந்துவிட்டது. பயிற்சியாளர் திதியே கயாகேயின் பார்வை இச்சிறுமிமீது விழ, குடும்பம் பாரிஸ் பக்கம் பெயர்ந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. நீஸில் பிறந்த இந்தப் பெண்ணை, இந்து மகாசமுத்திரத்து ரீயூனியன் தீவிலே தென்னை மரங்கள் சூழ்ந்த கடற்கரையில் கண்டெடுக்கப்பட்டவளாகச் சித்திரிக்கும் கற்பனைக் கதை ஒன்று அக்காலத்துப் பத்திரிகைகளில் உலவியது. வெண்ணிற அரங்கில் கறுப்பு நிறத்தவள் ஒருத்தி தோன்றினால், அவளுடைய கலையைக் கவனிக்கும் முன்பே அவளை ஒரு விசித்திரமாக்கிப் பார்க்கும் வழக்கம் எத்தனை ஆழமாக வேரோடியிருந்தது என்பதற்கு அக்கதையே அத்தாட்சி.

1989-ல் பாரிஸில் நடந்த உலகப் போட்டியில் பத்தாவது இடமும், மறுவருஷம் ஹாலிஃபாக்ஸில் ஒன்பதாவது இடமுமே அவருக்குக் கிட்டின. ஆடலுக்கு முன்னதாக, பனிமீது எட்டு போன்ற வளைகோடுகளைத் தகட்டால் மெல்ல வரைந்து, நடுவர்கள் குனிந்து அத்தடங்களை ஆராய நிற்க வேண்டிய கட்டாயப் பரீட்சை ஒன்று அப்போது நடைமுறையிலிருந்தது. ஹாலிஃபாக்ஸோடு அது உலகப் போட்டியிலிருந்து விலக்கப்பட்டது. துள்ளும் பிராயத்தவருக்கு வாசல் அகலத் திறந்ததுபோல, அடுத்த பருவத்திலேயே சூர்யா புடாபெஸ்டில் இளையோர் உலகப் பட்டத்தையும், 1991 ஜனவரியில் சோபியாவில் ஐரோப்பியப் பட்டத்தையும் வென்றார். அவருக்கு அப்போது வயது பதினேழு. ஐரோப்பியப் பட்டம் அதுமுதல் 1995 வரை ஐந்து முறை தொடர்ச்சியாக அவரிடமே இருந்தது.

அக்கால முறைப்படி ஒவ்வொரு நடுவரும் ஆறுக்குள் இரண்டு மதிப்பெண்கள் அளிப்பார்: ஒன்று நுட்பத்துக்கு, மற்றொன்று கலையழகுக்கு. தாவல்களை எண்ணிவிடலாம், சுழற்சி நிறைந்ததா குறைந்ததா என்று கண்ணால் நிச்சயிக்கலாம். ஆனால் கலையழகு என்பது, பாலே நடனத்தின் மெலிந்த கரங்களையும் நீண்ட கழுத்தையும் இலட்சணமாகக் கொண்ட ஒரு பழைய அபிப்பிராயத்தின் வசப்பட்டிருந்தமையால், உருண்டு திரண்ட தோள்களோடும் இடிபோன்ற வேகத்தோடும் வந்த சூர்யாவுக்கு அந்த இரண்டாம் மதிப்பெண்ணே தடையாகியது. அவருடைய ஆட்டத்தில் தாவலுக்கும் தாவலுக்கும் இடையே தகட்டின் விளிம்பில் சாய்ந்து இழைந்து செல்லும் ஒழுக்கு குறைவாகவே இருந்தது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. அக்குறைக்காக மதிப்பெண் குறைந்தால் நியாயமே. பலமே நளினத்துக்கு விரோதி என்று கருதிக் குறைத்திருந்தால், அது நியாயமன்று. ஏனெனில் அந்தரத்தில் மூன்று முறை சுழன்று அமைதியாக வந்திறங்கும் உடலிலும் ஒரு லாவண்யம் உண்டு என்றே நான் நம்புகிறேன்.

1992-ல் ஆல்பர்வில்லில் ஒலிம்பிக் நடந்தபோது, தாய்நாட்டின் மண்ணில், போட்டியாளர் அனைவரின் சார்பாகவும் பிரதிக்ஞை எடுத்துக்கொள்ளும் கௌரவம் பதினெட்டு வயதுச் சூர்யாவுக்கு வழங்கப்பட்டது. நீண்ட நிகழ்ச்சியில் அவர், அதுவரை ஒலிம்பிக்கில் எந்தப் பெண்ணும் துணியாத நான்கு சுழற்சித் தாவலை முயன்றார். சுழற்சி முழுமை பெறவில்லை என்று நடுவர்கள் தீர்த்தனர். ஐந்தாம் இடமே கிடைத்தது. பெண்ணொருத்தியின் நான்கு சுழற்சித் தாவல் அங்கீகாரம் பெற, ஜப்பானின் மிகி ஆண்டோ அதை 2002-ல் நிகழ்த்தும்வரை உலகம் காத்திருக்க நேர்ந்தது.

ஒரு மாதம் கழித்து ஓக்லண்டில் நடந்த உலகப் போட்டியில் அவர் பதினோராம் இடத்துக்கு இறங்கினார். எதிர்பார்ப்பின் பாரத்தைச் சுமந்த இளம்பிராயத்தினர் பலர் அத்தகைய வீழ்ச்சிக்குப்பின் மீள்வதில்லை. சூர்யாவோ மறுவருஷமே பிராகில் உக்ரேனியச் சிறுமி ஒக்ஸானா பாயுலுக்கு அடுத்தபடியாக வெள்ளிப்பதக்கம் பெற்றார். 1994-ல் சிபாவில், ஜப்பானின் யூகா சாட்டோவுக்கு மிக நெருக்கமாக வந்து மீண்டும் இரண்டாமிடம் பெற்றபோது, கழுத்திலிட்ட பதக்கத்தை அவர் கண்ணீரோடு கழற்றிய செய்கையை இன்றளவும் பலர் அகம்பாவம் என்கிறார்கள். பத்தாவது இடத்திலிருந்து விழுந்தும் எழுந்தும் அவர் ஏறிவந்த அந்த ஐந்து வருஷங்களை அறிந்த எனக்கு, அந்தக் கண்ணீரில் அகம்பாவம் தென்படவில்லை.