ஒரே நகை, இரு நீதி: கர்நாடக அடகுச் சட்டம் திருத்தப்படுமா?

பெங்களூரு: தங்க நகையை அடகு வைப்பவருக்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு, அவர் யாரிடம் கடன் பெறுகிறார் என்பதைப் பொருத்தே அமைகிறது. கர்நாடகத்தில் இந்த ஏற்றத்தாழ்வு அண்மைக் காலத்தில் மேலும் அதிகரித்துள்ளது.

அடகுக் கடைகளுக்கான சட்டம், மாநிலத்தின் பெயர் மைசூராக இருந்த 1961-ல் இயற்றப்பட்டது. வட்டிக்குக் கடன் கொடுக்கும் தொழில் அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் உள்ளதால், அச்சட்டத்தைக் காலத்துக்கேற்பத் திருத்தும் பொறுப்பு மாநில அரசுக்கே உரியது.

நகைக் கடன் நிறுவனங்களின் நிலை வேறு. ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிதி நிறுவனங்களுக்கு மாநிலங்களின் வட்டித் தொழில் சட்டங்கள் பொருந்தா என 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்நிறுவனங்களுக்கும் வங்கிகளுக்கும் 2025 ஜூன் மாதம் ரிசர்வ் வங்கி புதிய விதிகளை வெளியிட்டது. கடன் பெறுபவரின் முன்னிலையிலேயே நகையை மதிப்பிட வேண்டும். கடன் அடைந்த 7 வேலை நாள்களுக்குள் நகையைத் திருப்பித் தர வேண்டும். தங்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ. 5,000 இழப்பீடு வழங்க வேண்டும் என்பவை அவற்றுள் சில. அடகுக் கடைகளை இவ்விதிகள் கட்டுப்படுத்தா. தெருமுனைக் கடையை நம்பியிருக்கும் தினக்கூலித் தொழிலாளிக்கு இந்த உரிமைகள் எட்டாக்கனியே.

மாநில அரசு வாளாவிருந்துவிடவில்லை. ஏழைகள் தனியாரிடம் பெற்ற கடனைத் தள்ளுபடி செய்யும் சட்டம் 2019-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. சிறுகடன் வசூலில் மிரட்டலைத் தடுக்க 2025 பிப்ரவரியில் அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அதில் 10 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு வழி செய்யப்பட்டது. ஆயினும், ஒன்று பழைய கடனுக்கான நிவாரணம். மற்றொன்று வசூல் கொடுமைக்கான தண்டனை. அடகு வைக்கும் நேரத்திலேயே நியாயத்தை உறுதி செய்யும் வேலையை இரண்டும் செய்யவில்லை.

கடுமையை மட்டும் கூட்டினால், உரிமம் பெற்ற கடைகள் மூடப்பட்டு, மக்கள் கந்துவட்டிக்காரர்களிடம் சிக்கும் அபாயம் உண்டு. எனவே உரிமம் பெறும் நடைமுறையை எளிதாக்கி, ரிசர்வ் வங்கி விதிகளில் உள்ள உரிமைகளை 1961 சட்டத்திலும் சேர்ப்பதே முறையான தீர்வு. வட்டித் தொழில் சட்டங்களை ஆராய்ந்த ரிசர்வ் வங்கிக் குழு, மாநிலங்களுக்கான மாதிரிச் சட்டத்தை 2007-லேயே பரிந்துரைத்தது. ஆகவே, வழி தெரியாமல் இத்திருத்தம் தள்ளிப்போவதாகக் கூற இயலாது.