சேலையின் மறுபிறப்பு

சென்ற மாதம் ஒரு தோட்டப் பாடசாலையின் கலைவிழாவிற்கு என்னை அழைத்திருந்தார்கள். இராகலையைக் கடந்து வலப்பனையை நோக்கி இறங்கும் பெருந்தெருவிலே பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைச் செடிகளின் நடுவே ஒரு கட்டை தூரம் நடந்தால் அப்பாடசாலை வரும். மழை தூறிக்கொண்டிருந்தது. மண்டபத்திலே கூட்டம் நிறைந்திருந்தது.

ஒன்பதாந்தர மாணவி ஒருத்தி பாரதியைப் பற்றிப் பேசினாள். கரும்பச்சைப் பாவாடை, அரக்குக் கரை, கழுத்திலே செக்கச் சிவந்த மணிமாலை. எனது முறை வந்தபோது, “பட்டுடுத்திப் பவளம் பூண்டு வந்த இந்தப் பெண்” என்று அவளைப் புகழ்ந்துவிட்டேன். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்குக் காரணம் விளங்கவில்லை. விழா முடிந்தபின் அவளே என்னிடம் வந்தாள்.

“பட்டு இல்லைங்க சேர். எங்க அம்மாயியோட நைலெக்ஸ் சேலைங்க. அம்மாதான் வெட்டித் தச்சாங்க. மாலை மஞ்சாடிக் கொட்டைங்க.”

சொன்னபோது அவள் முகத்திலே நாணமும் இல்லை, குறையும் இல்லை. ஆனால் அன்றைய நிகழ்ச்சியிலே வேறொன்றையுங் கண்டேன். எட்டுப் பெண்கள் ஆடவேண்டிய கும்மியை எழுவர் ஆடினார்கள். வட்டத்திலே ஓரிடம் வெறுமையாகவே சுழன்றுகொண்டிருந்தது. விசாரித்தேன். நாட்டிய உடைக்கும் அணிகலனுக்குமாக ஆளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபா கொண்டுவரும்படி சொல்லப்பட்டதாம். கொடுக்க இயலாத ஒரு பிள்ளை அன்று லயத்தை விட்டு வரவில்லை.

அந்தப் பாவாடையையும் இந்த வெற்றிடத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை. பழந்துணியைப் புத்துடையாக்குவதும் விதையிலும் நூலிலும் அணி செய்வதும் நம் மலையகத் தாய்மார் கைவசமுள்ள கலைகள். அவற்றைப் போற்றவேண்டிய பாடசாலையே அவற்றிற்கு மேடையில் இடமில்லையென்று விலக்குகின்றது. ஆசிரிய அன்பர்கள் இதனைச் சற்றே சிந்திக்கவேண்டும்.

தோட்டத்திலே ஒரு சேலைக்கு எத்தனை பிறவி என்பதை நகரத்தார் அறியார். கலியாணங்காட்சிக்குக் கட்டியது முதற் பிறவி. நிறம் மங்கியபின் கோயிலுக்கும் கடைத்தெருவிற்கும். பின்னர் மலைக்கு. நடுவிலே பிள்ளை பிறந்தால் காம்பராவின் குறுக்குமரத்தில் ஏணையாகத் தொங்கும். பிள்ளை நடந்ததும் அதே துணி அதன் சட்டையாகும். மிச்சம் வாசற்றிரையாகும், தலையணை உறையாகும். கடைசியிலே கொழுந்தெடுக்கும்போது இடுப்பிற் கட்டும் படங்கின் உள்மடிப்பிலோ, அடுப்பங்கரைப் பிடிதுணியாகவோ அதன் வாழ்வு முடியும். என் தாயார் இதை ஒரு கணக்காகவே வைத்திருந்தார். எந்தச் சேலை எந்தப் பிள்ளையின் ஏணை என்று கேட்டால் தடுமாறாமற் சொல்வார்.

உடையும் கடனும் இம்மக்களின் வரலாற்றிலே ஒன்றாகவே வந்தவை. கோப்பித் தோட்டக் காலத்தில் குளிருக்குக் கொடுத்த கம்பளியின் விலையைக் கூலியிற் கழித்தார்கள். இன்றோ தீபாவளி முற்பணம். பண்டிகைக்கு வாங்கிய புத்துடை சாயம் போன பின்னரும் அதற்கான கழிவு சம்பளச் சீட்டில் மாதந்தோறும் நின்றுகொண்டிருக்கும். “புதிது உடுத்தாவிட்டால் நாலுபேர் என்ன சொல்வார்கள்” என்ற ஒரு சொல் எத்தனை குடும்பங்களை வட்டிக்காரனிடம் அனுப்பியிருக்கின்றது!

நகையின் கதை இன்னும் நுட்பமானது. தோட்டத்துப் பெண்ணுக்குத் தங்கம் அலங்காரமாவதோடு வங்கியுமாகும். பிள்ளை பல்கலைக்கழகம் போகவும், தகப்பன் வைத்தியசாலைக்குப் போகவும் கழுத்திலுள்ளதே அடகுக்கடைக்குப் போகின்றது. 2021ஆம் ஆண்டிலே தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாவென்று சம்பளச் சபை நிர்ணயித்தது. மறு ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ஒரு பவுண் தங்கம் ஒன்றரை இலட்சம் ரூபாவைக் கடந்தது. உண்ணாமலும் உடுக்காமலும் நூற்றைம்பது நாள் முழுப்பேர் போட்டாலன்றி ஒரு பவுண் கைக்கு வராது. அதன்பின் சம்பளமும் ஏறியது, தங்கமும் ஏறியது. ஆதலால் அழகுக்கு அணிவதையும் ஆபத்துக்கு வைப்பதையும் வேறுவேறாகப் பிரித்துவிடுவது நல்லது. மஞ்சாடிமாலை அடகுக்கடைக்குப் போகாது. ஆனால் மேடையிலே அது ஏன் குறைந்ததாக இருக்கவேண்டும்?

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. நான்கு நெல்லெடை ஒரு குன்றிமணி, இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்பது நம் பழந்தட்டார் வாய்ப்பாடு. தங்கத்தை நிறுத்த விதைதான் இன்று தங்கத்தின் இடத்திற்குக் கழுத்தில் ஏறியிருக்கின்றது! அம்மாணவியின் தாயாரைப் பின்னர் சந்தித்தபோது செய்முறையைக் கேட்டேன். வெப்பமான தாழ்நிலத்து மரங்களின் கீழே பொறுக்கிய மஞ்சாடியைக் கொதிநீரில் ஊறவைத்து, சூடு ஆறுமுன் தடித்த ஊசியால் துளைத்து, மீன்பிடி நைலோன் நரம்பிலே கோத்தாராம். ஒன்று மாத்திரம் சொல்லவேண்டும். மஞ்சாடியும் குன்றிமணியும் ஒன்றல்ல. கறுப்புக் கண் வைத்த குன்றிமணியின் உள்ளே கொடிய நஞ்சு உண்டு. அதன் ஓட்டைத் துளைப்பது ஆபத்து. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டிலே அதனைக் கோக்கவே கூடாது. கைப்பணி கற்பிக்கும் ஆசிரியைகள் இதை முதற் பாடமாக வைத்தல் நன்று. கடையில் விற்கும் மலிவுத் தோட்டின் நிக்கல் கலந்த கொக்கியாலும் சிலருக்குக் காது புண்ணாகும் என்பதையும் அதனோடு சேர்த்துச் சொல்லிவிடலாம்.

அத்தாயார் இளம் வயதிலே கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலையொன்றில் ஆறு ஆண்டு வேலை செய்தவர். 1978இல் அங்கே சுதந்திர வர்த்தக வலயம் அமைந்தது; 1992இல் தொடங்கிய இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் தையல் இயந்திரத்தைக் கிராமங்களுக்கும் கொண்டு சென்றது. மலையகத்திலிருந்தும் பெண்கள் அவ்வேலைக்குப் போனார்கள். “அப்படியானால் உங்களுக்குத் தையல் கைவந்த கலைதானே, அம்மா” என்றேன்.

“இல்லைங்க சேர். ஆறு வருசமும் கை மட்டுந்தான் தச்சேன். முழுச் சட்டைய நான் பாத்ததே கிடையாது” என்றார்.

திகைத்துப்போனேன். உலகத்தின் முதுகுக்கெல்லாம் சட்டை அனுப்பிய கரங்களுக்கு ஒரு சட்டையின் முழு வடிவம் தெரியாது. ஊர் திரும்பியபின் கணவரின் கிழிந்த சட்டையொன்றைத் தையல் தையலாகப் பிரித்து, துண்டுகளைத் தரையிலே பரப்பி வைத்துத்தான் அவர் வெட்டுக் கற்றாராம். செய்யுளைப் பதம் பிரித்துப் பொருள் கண்ட நம் உரையாசிரியர்கள் இந்தக் கல்வியை உடனே புரிந்துகொண்டிருப்பார்கள்.

சேலையை எப்படி வெட்டினார் என்றுங் கேட்டேன். ஆறு யார்ச் சேலையிலே முதலில் நைவது கொய்சகம் விழும் இடமும் தரையில் உராயும் அடிக்கரையுமாம். மேற்கரையும் உட்சுற்றும் ஏறக்குறைய புதிதாகவே இருக்கும். சேலையை வெளிச்சத்தின் எதிரே பிடித்து நைந்த இடத்திலே சோக்கட்டியாற் கோடிட்டு ஒதுக்கிவிடவேண்டும். பருத்தியானால் வெட்டுமுன் ஒருமுறை நனைத்து உலர்த்தவேண்டும். நைலெக்ஸ் ஆனால் மின்னழுத்தி சூடேறிவிடாமற் பார்க்கவேண்டும், இல்லையேல் உருகிவிடும். பாவுநூல் மேலிருந்து கீழாக ஓடும்படி வெட்டினாற்றான் பாவாடை நேராக விழும். எஞ்சிய கரைத்துண்டைப் பழைய பிளாஸ்டிக் வளையலிலே சுற்றி ஒட்டியிருந்தார். அதனால்தான் பாவாடையும் வளையலும் அவ்வளவு பொருந்தியிருந்தன. பட்டென்று நான் ஏமாந்ததும் அதனால்தான்.

இக்கலை நம்மோடு மாத்திரம் நிற்பதன்று. வங்கத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்தே உருவிய வண்ணநூலாற் பூவும் மீனும் தைக்கும் ‘காந்தா’ இன்று உலகம் விரும்பி வாங்கும் பொருள். நம் ‘கந்தை’ என்னும் சொல்லும் அதே வடசொல்லின் வழிவந்ததே. ஒரே சொல் அங்கே கலைப்பெயராயிற்று, இங்கே வசையாயிற்று. இங்கிலாந்திலோ 1941ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கி 1949 வரை உடைக்குப் பங்கீடு இருந்தது. பழையதைத் தைத்து உடுத்தும் வழிகளை 1943இல் அரசாங்கமே சிறுநூலாக அச்சிட்டு மக்களுக்கு வழங்கியது. சீமாட்டிக்கும் அவள் வேலைக்காரிக்கும் கூப்பன் ஒன்றே; ஆகையால் ஒட்டுப்போட்ட சட்டையை எவரும் எள்ளவில்லை.

அந்தச் சமநிலை இங்கில்லை என்பதை நான் மறக்கவில்லை. கொழும்பிலே வசதியுள்ள இளைஞர் பழைய உடையை விரும்பி வாங்கி மாற்றித் தைப்பது நாகரிகம். லயத்துப் பெண் அதையே செய்தால் ஏழ்மை என்கிறோம். 2007ஆம் ஆண்டு தை மாதம் வலப்பனையில் மண்சரிந்தபோது நிவாரணமாக வந்த துணிமூட்டைகளை வகைபிரிக்க நானும் உட்கார்ந்தேன். நல்லனவும் வந்தன. ஆனால் பொத்தானற்ற சட்டையும், கறைபடிந்த உள்ளாடையும், ஒற்றைக் காலுறையும் வந்தன. கொடுத்தவர் தம் அலுமாரியைத் துப்புரவு செய்துகொண்டார், அவ்வளவே. ஒருவர் கழித்ததை மற்றவர்மேற் சுமத்துவது வேறு. தன் தாயின் சேலையைத் தானே விரும்பி மாற்றி உடுத்துவது வேறு. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, “பழையதைத் தைத்து உடுத்துங்கள், சம்பளம் போதும்” என்று தொழிலாளிக்கு உபதேசம் செய்ய எவரேனும் இக்கட்டுரையைப் பயன்படுத்துவாராயின், அவருக்கு நான் எழுதவில்லை. நாட்கூலி நியாயமாக உயர்வது முதற்காரியம். அது உயர்ந்தபின்னும் இக்கலை வாழவேண்டும் என்பதே என் ஆசை.

பாடசாலைகளிடம் நான் வேண்டுவது பெரிதன்று. கலைவிழாவிற்கு உடை வேண்டுமானால் ஆறு மாதத்திற்கு முன்பே சொல்லி, வீடுகளிலுள்ள பழஞ்சேலைகளைக் கேட்டு வாங்கலாம். தோட்டத்திலேயே இருக்கும் தையற்காரப் பெண்ணை அழைத்து, கூலி கொடுத்து, மாணவர் கண்முன்னே வெட்டச் சொல்லலாம். கூலி என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதினேன். “நம் பிள்ளைகளுக்குத்தானே” என்று இலவசமாக வாங்கிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. மனையியற் பாடத்திலே புதுத்துணியில் வெட்டப் பழக்குவதோடு, ஒரு பழஞ்சட்டையைப் பிரித்துப் பார்க்கவும் பழக்கலாம்.

இக்கருத்துக்களை அவ்வதிபருக்குக் கடிதமாக எழுதினேன். நல்லவர், உடனே மறுமொழி விடுத்தார். அடுத்த விழாவிற்கான அறிவித்தலிலே ‘புத்துடை’ என்ற சொல்லை நீக்கிவிட்டதாகவும், மஞ்சாடிமாலை செய்த தாயாரை ஒரு சனிக்கிழமை வகுப்பெடுக்க அழைத்திருப்பதாகவும் எழுதியிருந்தார். இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாவைப் பற்றியும், கும்மிக்கு வராத பிள்ளையைப் பற்றியும் அக்கடிதத்தில் ஒன்றுமில்லை. மறுபடியும் எழுதிக் கேட்டிருக்கிறேன்.