கூத்துப் பதிவும் நடவுப் பாட்டும் அழியாமல் இருக்க...

கேள்வி: திரௌபதி அம்மன் திருவிழாவில் பதிவு செய்த பாரதக் கூத்தும், என் அம்மா பாடிய நடவுப் பாட்டும் வீட்டுக் கம்ப்யூட்டரில் உள்ளன. மகள் ஒரகடத்தில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள். பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினி அவளிடம் இருக்கிறது. இரண்டிலும் ஒரே பாட்டுகள் இருக்க எளிய மென்பொருள் எது?
- ஒரு வாசகர், ஸ்ரீபெரும்புதூர் வட்டம்

பதில்: சினிமாப் பாட்டு போனால் மறுபடி வாங்கலாம். அம்மாவின் நடவுப் பாட்டு போனால் போனதுதான். ஆகவே எது எளிது என்பதோடு, எது அழிக்காது என்றும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

இணையச் சேமிப்பில் கூகுள் டிரைவ் 15 ஜி.பி., டிராப்பாக்ஸ் 2 ஜி.பி. இலவசம். சாதாரண எம்.பி.3 பதிவு நிமிடத்துக்குச் சுமார் 1 எம்.பி. பிடிக்கும். 8 மணி நேரக் கூத்து என்றால் அரை ஜி.பி. வரும். நான்கு இரவுக் கூத்திலேயே டிராப்பாக்ஸ் ஏறக்குறைய நிரம்பிவிடும். மொபைல் டேட்டாவும் கரையும்.

சிங்க்திங் இலவச மென்பொருள். வீட்டு வைஃபை வழியாகவே நேராக அனுப்பும். ஆனால் இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். ஷிப்ட் வேலை உள்ள வீட்டுக்கு இது சரிப்படாது.

உங்களுக்கு ஏற்றது ஃப்ரீஃபைல்சிங்க். இதுவும் இலவசம்தான். ஒரு பென்டிரைவ் இருந்தால் போதும், இணையம் வேண்டாம். அதன் சொந்த இணையதளத்தில் இருந்து மட்டும் இறக்கி, இரண்டு கம்ப்யூட்டரிலும் நிறுவுங்கள்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் இடப்பக்கம் பாட்டு ஃபோல்டர், வலப்பக்கம் பென்டிரைவ் என்று வையுங்கள். 'கம்பேர்' அழுத்தினால் எது எங்கே போகும் என்ற பட்டியல் வரும். அதைப் படித்துப் பார்த்த பிறகே 'சிங்க்ரனைஸ்' அழுத்துங்கள். அடுத்து மடிக்கணினியில் இடப்பக்கம் பென்டிரைவ், வலப்பக்கம் பாட்டு ஃபோல்டர். மகள் புதிதாகச் சேர்த்ததை வீட்டுக்குக் கொண்டுவர, இதையே திருப்பிச் செய்யுங்கள்.

முறையைத் தேர்வு செய்யும்போதுதான் கவனம் தேவை. 'டூ வே' முறையில் ஒரு பக்கம் நீக்கியது மறு பக்கமும் நீங்கும். 'மிரர்' முறையில் இடப்பக்கம் இல்லாதது வலப்பக்கத்தில் இருந்து எடுக்கப்படும். 'அப்டேட்' முறை புதியதையும் மாறியதையும் மட்டும் சேர்க்கும், எதையும் நீக்காது. அதையே வையுங்கள்.

வேலை முடிந்ததும் அந்தப் பென்டிரைவை வேறு எதற்கும் பயன்படுத்தாமல் பீரோவில் வையுங்கள். விதைநெல்லை ஒரே குதிரில் கொட்டி வைக்க மாட்டோம் அல்லவா? அம்மாவின் குரலுக்கும் அதே கணக்குதான்.